நூறு மில்லி கடல்

ஏப்ரல் கடைசி. விமெரோ கரையில்
முழங்கால் உயரத்துக்கு நுரை.
நாயோடு வந்தவர் கேட்டார்:
"சோப்புத் தொழிற்சாலை ஏதும் திறந்துவிட்டார்களா?"
இல்லை ஐயா, பாசிகளின் எச்சில், என்றேன்.
அவர் நாயை இழுத்துக்கொண்டார்.
நாய்க்கு அது பிடித்திருந்தது.

எச்சில் என்பதும் சரியில்லை.
கண்ணுக்குத் தெரியாத பாசிகள் வெயிலைத் தின்று
மிஞ்சிய இனிப்பைக் கசியவிடும்.
அலை அதைக் கிண்டும்.
கிண்டக் கிண்ட
ஒரு கம்பிப் பதம், இரு கம்பிப் பதம்,
பிறகு இழையோடு இழை மோதி
வெண்டைக்காய் நறுக்கிய கத்தியாட்டம்
தொட்டதை விடாத ஒன்று.
நிறமில்லை. நீருக்குள் நீராகவே இருக்கும்.
வலைக்கண்ணை அடைக்கும்போதுதான்
அது இருப்பதே ரெமிக்குத் தெரியும்.
அவர் அதற்கு வைத்திருக்கும் பெயரை
ஆய்வேட்டில் எழுத முடியாது.

என் வேலை, நூறு மில்லி கடலை
ஒரு வடிதாளின் வழியே இறக்குவது.
பிப்ரவரியில் நாலு நிமிடம்.
இன்று ஐம்பது நிமிடமாக
சொட்டு, அப்புறம் யோசனை, அப்புறம் சொட்டு.
கடைசியில் நீலச் சாயம் ஊற்றுவேன்.
இல்லாததுபோல் இருந்ததெல்லாம் நீலமாகும்:
கிழிந்த மேகம், நூல்,
யாரோ உதறிய தலையணைப் பஞ்சு.

நேற்று ஒரு துணுக்கைச் சாயமிடாமல் பார்த்தேன்.
மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது,
தன் மணத்தை வால்போல் பின்னால் இழுத்தபடி.
அந்த வாலைக் குறுக்கே கடந்த ஒரு பாக்டீரியா
நின்றது
(பாக்டீரியா நிற்காது; ஆனால் நின்றது),
திரும்பியது, துரத்தியது, ஒட்டியது.
பின் இன்னொன்று. பின் எண்ண முடியவில்லை.
பந்திக்கு முந்து என்று
யாரும் அவற்றுக்குச் சொல்லித்தரவில்லை.

உட்கார்ந்ததும் நொதிகளை வெளியே துப்பி
நீளச் சர்க்கரையைத் துண்டு துண்டாய் வெட்டுகின்றன.
வெட்டியதெல்லாம் வெட்டியவர் வாய்க்குப் போவதில்லை.
பக்கத்தில், கத்தியே கொண்டுவராத சில
சும்மா மிதந்து கொழுக்கின்றன.
உண்ட வீட்டுக்கு இரண்டகம் கூடாது என்போம்;
இங்கே வீட்டையே உண்கிறார்கள்.
சுவர் மெலிகிறது. மூலை கரைகிறது.
சாட்டைவால் முளைத்த ஒற்றைச் செல் ஒன்று வந்து
விளிம்பில் இருந்தவர்களைப் பொறுக்கிப் போகிறது.

சில மட்டும் ருசி பார்த்து
உடனே உதறிக்கொண்டு போகின்றன.
ஏன் என்று தெரியாது.
அடுத்த வாலின் மணமா, கூட்டம் பிடிக்கவில்லையா.
அவற்றுக்கு என் தாளில் தனிக் கட்டம்:
விட்டவை.

தின்னாமல் தப்பிய கொஞ்சம் கீழே போகும்.
இங்கே கால்வாய் ஆழமில்லை, சேற்றில் அமரும்.
பெருங்கடலாக இருந்தால் இருட்டு, இன்னும் இருட்டு.
காற்றிலிருந்த கரி
நூற்றாண்டுகளுக்குத் திரும்பி வராது.
அவ்வளவு தூரம் போவது மிகக் குறைவு.

"ஜூனோடு உன் ஒப்பந்தம் முடிகிறதே, அப்புறம்?"
குடுவை கழுவியபடி ஒதீல் கேட்டாள்.
எண்ணெய் தடவிக்கொண்டு புரண்டாலும்
ஒட்டுற மண்தான் ஒட்டும் என்பதை
பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தேன்.
"எண்ணெய் எதற்கு?" என்றாள், அக்கறையாக.
நல்ல கேள்வி. பதில் தெரியவில்லை.

மதியம் புலோன், அரசு அலுவலகம்.
வசிப்பிட அட்டை புதுப்பிக்க. எண் நாற்பத்தேழு.
கைரேகைக் கண்ணாடியில் ஆள்காட்டி விரலை வைத்தேன்.
ரேகைகளுக்குள் நீலம். மூன்று நாளாய்ப் போகாதது.
"மறுபடி," என்றார். வைத்தேன்.
"மறுபடி. அழுத்தாமல்."
வேறு விரல். அது போதுமானதாக இருந்தது.

எழுந்தபோது கண்ணாடியில்
மங்கலாய் ஒரு நீல வட்டம்.
அதில் இதற்குள் எத்தனை பேர் ஏறியிருப்பார்கள் என்று
பழக்கதோஷத்தில் எண்ணத் தொடங்கினேன்.
அவர் ஈரத்துணியால் ஒருதரம் துடைத்தார்.
போகவில்லை.
நாற்பத்தெட்டு, என்று கூப்பிட்டார்.